சராசரி எழுபத்தெட்டு

அந்தப் பள்ளியில் அவருக்கு அரைப்புள்ளி என்று பெயர். வைத்த மாணவர்கள் எப்போதோ படித்து முடித்துப் போய், பிள்ளைகுட்டி பெற்று, பாதிப் பேருக்கு வழுக்கையும் விழுந்திருக்கும். பெயர் மட்டும் பூர்வீகச் சொத்து மாதிரி வகுப்பு வகுப்பாகக் கைமாறி வந்துகொண்டிருந்தது. அவர் கற்பித்த கணினி மொழியில் ஒவ்வொரு கட்டளையும் அரைப்புள்ளியில் முடிய வேண்டும். விடுபட்ட ஒவ்வொன்றுக்கும் அரை மார்க் வெட்டுவார். எழுதிய புரோகிராம் என்ன செய்கிறது, உருப்படியாக ஏதாவது செய்கிறதா என்பதெல்லாம் அப்புறம். விடைத்தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, தலையில் பேன் பார்க்கிறவர் போல வரிவரியாகப் போவார்.

"அரைப்புள்ளிங்கிறது ஒரு குறி இல்ல. அது ஒரு ஒழுக்கம்" என்று ஆசிரியர் அறையில் அவர் சொல்லாத வாரம் கிடையாது. கேட்காத மாதிரி இருக்க மற்றவர்கள் பழகியிருந்தார்கள்.

அங்கே கணினிப் பாடம் கணினியில் நடப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அது கரும்பலகையில் நடக்கும். அவர் எழுதுவார், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள், உருப்போடுவார்கள், பரீட்சையில் தாளில் இறக்கிவைப்பார்கள். புரோகிராமுக்குக் கீழே ஸ்கேல் வைத்துப் பென்சிலால் ஒரு கட்டம் போட்டு, கணினி என்ன விடை தரும் என்று அதற்குள் எழுத வேண்டும். கணினியைக் கேட்காமலே கணினியின் பதிலை எழுதுவதில் அங்கே யாருக்கும் எந்த வியப்பும் இருக்கவில்லை. லேபில் கணினிகள் துணி போர்த்திக்கொண்டு, விருந்தாளி வராத வீட்டு நாற்காலிகள் போல உட்கார்ந்திருந்தன. ஆண்டுக்கொரு செய்முறைத் தேர்வன்று துணி விலகும். எந்தப் புரோகிராம் வரும் என்பது அதற்கு ஒரு மாதம் முன்பே எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

அவருடைய பட்டத்து யானை, 'ஐந்து பாட மதிப்பெண்களின் சராசரி' என்ற புரோகிராம். பென்சில் கட்டத்துக்குள் விடை எழுதத் தோதாக அவர் எப்போதும் கொடுக்கிற மதிப்பெண்கள் அறுபது, எழுபது, எண்பது, தொண்ணூறு, நூறு. கூட்டினால் நானூறு, வகுத்தால் எண்பது. கணக்கில் பலவீனமான பிள்ளையும் தடுக்கி விழாமல் போய்ச் சேருகிற பாதை. அந்தப் பாதையிலேயே அத்தனை வருடமும் யானை நடந்தது.

அந்த ஆண்டு ஒரு கேள்வி முளைத்தது. இனிமேல் ஒன்பதாம் வகுப்பிலேயே புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுக்க வேண்டும். முதன்முதலாக எழுதப்போகிற பிள்ளைகளுக்கு எந்த மொழி? மொழிகளின் பெயர் இங்கே வேண்டாம். இரண்டுக்கும் பக்தர் கூட்டம் உண்டு, அடிக்க வருவார்கள். ஒன்று அரைப்புள்ளியார் கட்டிக்காத்த பழைய மொழி; எதையும் முன்கூட்டி அறிவித்து, முறைப்படி முடிக்கச் சொல்லும் கறாரான மொழி. இன்னொன்று புதியது, சுருக்கமானது, அரைப்புள்ளியே கேட்காதது. இந்தக் கடைசித் தகுதி ஒன்றே அதை அவர் விரோதியாகக் கருதப் போதுமானதாக இருந்தது.

புதிய மொழிக்காகப் பேசியவள் அந்த வருடம் வேலைக்குச் சேர்ந்த புது மிஸ். அவருடைய பழைய மாணவி. அவரிடம் நூற்றுக்கு நூறு வாங்கியவள். அவளை ஆசிரியர் அறையில் அறிமுகப்படுத்தியபோது, "இது நம்ம தயாரிப்பு" என்று, ஏதோ ஆலையிலிருந்து வெளிவந்த சரக்கு போலச் சொல்லிவைத்தார்.

"மொத மொதலா எழுதப்போறாங்க சார்" என்றாள் அவள். "எழுதினதும் ஏதாவது நடக்கணும். அப்பத்தான் அடுத்த வரி எழுத ஆசை வரும். இதுல ரெண்டு வரி போதும், வேலை செய்யும்."

"ரெண்டு வரியில முடியறதுக்கு எதுக்கும்மா லாங்குவேஜு? கையைக் காட்டினாலே போதுமே."

"தப்புப் பண்ணிப் பாத்துக் கத்துக்கட்டும் சார்."

"நீ என்கிட்ட தப்புப் பண்ணியா கத்துக்கிட்ட? நூத்துக்கு நூறு வாங்கல?"

"வாங்கினேன் சார்" என்றாள் அவள், மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டே. அடக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

தலைமையாசிரியை சரித்திரம் படித்தவர். அவருக்குக் கணினி என்பது பாஸ்வேர்டை மறக்கச் செய்யும் ஓர் இயந்திரம். வழக்கு அவரிடம் போனதும், சரித்திர நாயகி போலவே தீர்ப்புச் சொன்னார்: "போட்டி வெச்சுடுவோம். ஒம்பதாம் வகுப்பை ரெண்டாப் பிரிங்க. பாதி சாருக்கு, பாதி மிஸ்ஸுக்கு. கொஞ்ச நாள் சொல்லிக்கொடுங்க. அப்புறம் லேபில் உட்கார வெச்சு எல்லார் முன்னாடியும் ஒரே கணக்கைப் போடச் சொல்வோம். யார் பிள்ளைங்க நல்லாப் பண்றாங்களோ அந்த லாங்குவேஜ்."

கணக்கைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மூத்தவர் என்ற மரியாதையில் அரைப்புள்ளியாருக்குக் கிடைத்தது. ஐந்து மதிப்பெண்களின் சராசரி என்றார். அவருடைய மகளும் ஒன்பதாம் வகுப்புதான். பாரபட்சம் என்று பேச்சு வரக்கூடாதென்று அவளைப் புது மிஸ் பக்கம் போட்டார் தலைமையாசிரியை.

"எதிரிப் படையில சேந்துட்டியா?" என்று வீட்டில் மகளைக் கேட்டார்.

"மிஸ் ஜாலியா சொல்லிக்கொடுக்கறாங்கப்பா."

"ஜாலி." அந்தச் சொல்லைச் செத்த பல்லி மாதிரி வாலைப் பிடித்துத் தூக்கிப் போட்டார். "சைக்கிள் கத்துக்கறவன் மொதல்ல பயப்படணும். பயந்தாத்தான் பேலன்ஸ் வரும்."

அவர் மனைவிக்குப் பல் மருத்துவமனை வரவேற்பில் வேலை. வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பவர்களை நாள் முழுக்கப் பார்த்துவிட்டு வருகிறவள். வீட்டில் திறந்திருக்கும் வாயை மூட அவளுக்கு நன்றாகவே தெரியும். "நீங்க எங்க சைக்கிள் கொடுத்தீங்க? சைக்கிள் படம் போட்டுப் பாகம் குறிக்கத்தானே சொல்லிக்கொடுக்கறீங்க" என்றாள்.

மகள் களுக்கென்று சிரித்துவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

அவர் தன் பாதி வகுப்பைத் தயார் செய்தார். தெரிந்த ஒரே வழியில் செய்தார். புரோகிராமைப் பலகையில் எழுதி, எல்லோரையும் ஒரே குரலில் ஒப்பிக்க வைத்தார். "பிராக்கெட் திற, பிராக்கெட் மூடு, அரைப்புள்ளி" என்று வாசல்வரை கேட்டது. பிறகு அதே தாளத்தில் தட்டச்ச வைத்தார். முதல் பெஞ்சில் ஒரு சிறுமி; கண்ணாடி மூக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும்; அவளைப் பிள்ளைகள் கண்ணாடி என்றே கூப்பிட்டார்கள். அவள் ஒரு தடவை கேட்டாள்: "சார், ஆறு பாடம் இருந்தா எப்படி மாத்தறது?"

"உனக்கு எத்தனை பாடம்?"

"அஞ்சு சார்."

"அப்புறமென்ன, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கா எழுதப்போற? உக்காரு."

வகுப்பு சிரித்தது. கண்ணாடியும் சிரித்தாள். போட்டிக்கு முதல்நாள் எல்லாக் கணினியிலும் ஓட்டிப் பார்த்தார்கள். அறுபது, எழுபது, எண்பது, தொண்ணூறு, நூறு. எல்லாத் திரையிலும் எண்பது. எந்த மொழியில் இப்படி அணிவகுப்பு நடக்கும் என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

போட்டியன்று நடுவர்களாக மூன்று பேர் வந்தார்கள். தலைமையாசிரியை, பெற்றோர் சங்கத் தலைவராக இருந்த மரச்சாமான் கடைக்காரர், அந்த நேரம் வகுப்பு இல்லை என்ற ஒரே தகுதியால் இழுத்துவரப்பட்ட விளையாட்டு ஆசிரியர், கழுத்தில் விசிலோடு.

"மார்க்கை நீங்களே சொல்லுங்க சார், நாங்க சொன்னா முன்னாடியே பேசி வெச்சதும்பாங்க" என்று தலைமையாசிரியை கடைக்காரரைப் பார்த்துச் சொன்னார்.

அரைப்புள்ளியார் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் பயப்பட என்ன இருக்கிறது? யானைக்கு எந்த மார்க்காக இருந்தால் என்ன?

கடைக்காரர் கூரையைப் பார்த்து, கட்டிலுக்கு விலை சொல்கிறவர் போல இழுத்து இழுத்துச் சொன்னார்: "எழுவத்தொண்ணு. எம்பத்திரெண்டு. அறுவத்திநாலு. தொண்ணூறு. எம்பத்தியேழு."

அரைப்புள்ளியாரின் பிரிவு ஒரே மழையாகத் தட்டியது. பேச்சில்லை, திரும்பிப் பார்த்தல் இல்லை. கடைசி அரைப்புள்ளியும் விழுந்தது. எல்லாத் திரையிலும் ஒரே நேரத்தில் விடை: எழுபத்தெட்டு.

"ஆஹா" என்றார் கடைக்காரர்.

அந்தப் பக்கம் சந்தை. ஒருவனுக்குச் சராசரி முந்நூற்றுச் சொச்சம் வந்துவிட்டது. "டேய், நூத்துக்கு முந்நூறு வாங்கியிருக்காண்டா, இவனைக் கல்யாணத்துக்குக் கேளுங்க" என்று பக்கத்தில் இருந்தவன் கூவ, ஒரே சிரிப்பு. கடைசி மார்க்கை மட்டும் ஐந்தால் வகுத்திருக்கிறான் என்று அவர் மகள்தான் கண்டுபிடித்தாள். "எல்லாத்தையும் மொதல்ல பிராக்கெட்டுக்குள்ள போடு, அப்புறம் வகு" என்றாள். இன்னொருத்தி வகுக்கவே மறந்திருந்தாள். புது மிஸ் யாருக்கும் விடை சொல்லவில்லை, "உன் பதிலை நீயே நம்பறியா?" என்று மட்டும் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு போனாள். தட்டுத்தடுமாறி, திருத்தி, திட்டி, ஒருவழியாக எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். எழுபத்தெட்டு புள்ளி எட்டு.

தலைமையாசிரியை இரண்டு பக்கமும் பார்த்தார். "ஏன் இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு வருது?"

அரைப்புள்ளியார் மனதுக்குள் கூட்டினார். முந்நூற்றுத் தொண்ணூற்று நாலு. ஐந்தால் வகுத்தார். மீதி நாலு. எட்டு எங்கே போயிற்று? அவருடைய புரோகிராம்தான் தின்றிருக்கிறது. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிடும் மொழி அது. வேண்டாமென்றால் முறைப்படி சொல்ல வேண்டும். அவர் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தெரிந்ததும் இல்லை. நானூறை ஐந்தால் வகுத்தே காலம் தள்ளியவருக்கு மீதி என்று ஒன்று வந்ததே இல்லை.

"தப்பு எங்களுது மேடம்" என்று சொல்ல அது சரியான நேரம். வாய் திறந்தது. வெளியே வந்தது வேறு.

"நம்ம லாங்குவேஜ் ரவுண்டு பண்ணித் தரும் மேடம். உதிரி கிதிரி எல்லாம் வெச்சுக்காது. சுத்தமா இருக்கும்."

"நல்ல பழக்கம்" என்றார் கடைக்காரர். "நாங்களும் கடையில சில்லறையை விட்டுடுவோம்."

விளையாட்டு ஆசிரியர் விசிலை உருட்டிக்கொண்டே, "ரவுண்டு பண்ணா எழுவத்தொம்பதுல்ல வரணும்?" என்றார். மனிதர் குதர்க்கமாகக் கேட்கவில்லை. நூறு மீட்டர் ஓட்டத்தின் நேரத்தைக் குறிக்கிறவர், தெரிந்ததைக் கேட்டார்.

"அது சாதாரண ரவுண்டு சார். இது கீழ்நோக்கு ரவுண்டு" என்றார் அரைப்புள்ளியார். காது மடல் சுட்டது.

தலைமையாசிரியை புது மிஸ் பக்கம் திரும்பினார். "சார் சொல்றது சரிதானாம்மா?"

அவள் அவரைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருந்தது என்பது அந்தப் பார்வையிலேயே அவருக்குத் தெரிந்தது. தனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரிந்துவிட்டது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. போட்டியும் வேலையின் பெருமையும் அவள் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தன. ஒரு வாக்கியம் போதும்.

"ஆமா மேடம்" என்றாள். "அந்த லாங்குவேஜ் அப்படித்தான் செய்யும்."

அதில் பொய் ஒரு சொட்டுக்கூட இல்லை. தன்னை இவ்வளவு சுத்தமாக யாரும் காப்பாற்றியதில்லை என்று அவருக்குத் தோன்றியது. காப்பாற்றப்பட்டவன் கரையில் கிடக்கும் கோலம்தான் எவ்வளவு அசிங்கம் என்பதும் கூடவே தோன்றியது. தலைமையாசிரியை அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னார். அமைதி, ஒழுங்கு, சுத்தமான விடை என்று மூன்று காரணம் காட்டினார். கடைக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் பிரிவுப் பிள்ளைகள் கை தட்டினார்கள். கண்ணாடி மட்டும் ஓரக்கண்ணால் அடுத்த பக்கத்துத் திரையைப் பார்த்துவிட்டுத் தன் திரையைப் பார்த்தாள்.

வீட்டில் மகள் சாப்பிடும்போது கேட்டாள். நல்ல பிள்ளை, அம்மா அடுப்படிக்குள் போகிறவரை காத்திருந்து கேட்டாள்.

"அப்பா, அது எழுவத்தெட்டு புள்ளி எட்டுதானே?"

"ம்."

"கையாலயும் போட்டுப் பாத்தேன். எங்க பசங்க மிஸ்கிட்ட கேட்டாங்க, சார் பண்ணது தப்பா மிஸ்னு."

"மிஸ் என்ன சொன்னா?"

"வகுக்கிற இடத்துல அஞ்சுன்னு போடறதுக்குப் பதிலா அஞ்சு புள்ளி பூஜ்யம்னு போடணும், அதெல்லாம் சாருக்குத் தெரியும், இதை வெச்சு யாரும் வெளிய பேசக்கூடாதுன்னாங்க." அவள் தயங்கினாள். "உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும்."

"அப்ப ஏன் போடல?"

அவர் தண்ணீர் குடித்தார். டம்ளர் காலியான பிறகும் கொஞ்ச நேரம் குடித்தார்.

"எல்லாரும் என்னையே பாத்தாங்கப்பா" என்றாள் அவள், குற்றம் சாட்டாமல், மழை பெய்தது என்று சொல்வதுபோல. "நான் கீபோர்டையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

மனைவி திரும்பி வந்து இருவர் முகத்தையும் பார்த்தாள். கேலி ஒன்று தயாராக இருந்திருக்க வேண்டும். அதை விழுங்கிக்கொண்டு, "ஆறிப்போகுது, சாப்பிடுங்க" என்றாள். அவள் கேலி செய்யாமல் விட்டதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

மறுநாள் ஆசிரியர் அறையில் புது மிஸ்ஸைத் தனியாகப் பிடித்தார். அவள் விடைத்தாள் கட்டு ஒன்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து ஏன்மா சொல்லல?"

"என்ன சார் சொல்றது?"

"தப்புன்னு."

அவள் கயிற்றைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். "காலேஜ்ல முதல் லேப் சார். ஏதாவது தெரிஞ்சதை எழுதுங்கன்னாங்க. நான் ஓடிப்போய் நம்ம சராசரியை எழுதினேன். மனப்பாடம்தானே, எல்லாருக்கும் முன்னாடி முடிச்சுட்டேன். அவங்க குடுத்த மார்க்கைப் போட்டதும் தப்பா வந்துச்சு. கம்ப்யூட்டர் ரிப்பேர்னு சொன்னேன் சார்." கொஞ்சம் சிரித்தாள். "லேபே சிரிச்சுது. நூத்துக்கு நூறு வாங்கிட்டு வந்தவன்னு வேற மொதல்லயே சொல்லி வெச்சிருந்தேன். ரொம்ப நாள் பின்னாடி பெஞ்சுலதான் உக்காந்தேன்."

"என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே."

"அந்தச் சிரிப்பு உங்களுக்கு வேண்டாம்னு தோணுச்சு சார். எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்ல."

அவர் நேராகத் தலைமையாசிரியை அறைக்கு நடந்தார். தாழ்வாரத்தில் வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். 'மேடம், நான் தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேன். எனக்கே சரியாத் தெரியாது.' சின்ன வாக்கியம்தான். பிராக்கெட்கூடக் கிடையாது. கதவுக்கு வெளியேவரை பிசகில்லாமல் வந்தது. உள்ளே போய் உட்கார்ந்ததும், "மேடம், அந்த லாங்குவேஜ்ல ஒரு குறை இருக்கு" என்று ஆரம்பித்துவிட்டார்.

ஆரம்பித்தது தானாகவே ஓடியது. பழைய மொழி, தசமம் விஷயத்தில் கொஞ்சம் பலவீனம், சின்னப் பிள்ளைகளுக்குக் குழப்பம் வரலாம், காலத்துக்கு ஏற்ப நாமும் மாற வேண்டும், புது மிஸ் சொன்ன மொழியே இருக்கட்டும். சொன்னதன் முடிவு சரி. காரணம்தான் கலப்படம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மனசாட்சியோடு பேசிப் பழகாத நாக்கு, பழியை வாய் பேசாத ஒரு மொழியின் தலையில் கட்டிவிட்டது. முழுப் பூசணிக்காயை மறைக்கச் சோறாவது வேண்டும். அவருக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.

தலைமையாசிரியை நெகிழ்ந்துபோனார். "ஜெயிச்சவர் விட்டுக்கொடுக்கறது சரித்திரத்திலேயே அபூர்வம் சார்" என்றார். சரித்திரம் படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்க வேண்டும். அன்றைக்கே பிள்ளைகளை எல்லாம் மைதானத்தில் கூட்டி, மூத்தவர் ஒருவர் தன் வெற்றியை இளையவருக்குத் தூக்கிக் கொடுத்த பெருந்தன்மையை விவரித்தார். பலத்த கைதட்டல். விளையாட்டு ஆசிரியர் விசில்கூட ஊதினார். புது மிஸ்ஸும் தட்டினாள். ஒன்பதாம் வகுப்பு வரிசையில் அவர் மகள் குனிந்து காலணி வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கைதட்டல் ஓய்கிறவரை அந்த வார் சரியாகவில்லை.

அதன் பிறகு அவருடைய பாதி வகுப்போடு ஒரு கடைசி வகுப்பு பாக்கி இருந்தது. அடுத்த வாரம் அவர்களும் புது மொழிக்கு மாற வேண்டும். லேபுக்குள் நுழைந்தபோது வழக்கமான இரைச்சல் இல்லை. துணி விலக்காத கணினிகளுக்கு முன்னால் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

கண்ணாடி எழுந்தாள். "சார், நாங்க தோத்துட்டோமா?"

"ஜெயிச்சீங்க. மேடம் சொன்னாங்கல்ல."

"அப்புறம் ஏன் சார் மாத்தறாங்க? நாங்க ஒரு எழுத்துகூடத் தப்பா அடிக்கல."

"ஒரு அரைப்புள்ளிகூட விடல" என்றான் பின்னாலிருந்து ஒருவன். இரண்டு மூன்று பேர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள்.

இங்கே நடுவர்கள் இல்லை. கடைக்காரர் இல்லை, விசில் இல்லை. கைதட்ட ஆளில்லாத இடத்தில் உண்மை சொல்வதும் கடினமாகத்தான் இருந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க அடிச்சது சரி. நான் குடுத்தது தப்பு" என்றார். "லாங்குவேஜ் தப்பில்ல. நான்தான். எழுவத்தெட்டு புள்ளி எட்டுதான் சரியான விடை."

அவர் பலகைக்குப் போய் அவசரமாகப் புரோகிராமை எழுதினார். வகுக்கிற இடத்தில் அஞ்சுக்குப் பதிலாக அஞ்சு புள்ளி பூஜ்யம் என்று மாற்றினார். மகளிடமிருந்து வந்த அறிவு. "இதை மட்டும் மாத்தி ஓட்டுங்க. அதே மார்க்."

துணிகள் விலகின. விசைகள் ஓடின. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டுக்காகக் காத்திருந்தார்.

"சார்" என்றாள் கண்ணாடி. "எழுவத்தெட்டுதான் வருது."

"எனக்கும்."

"எனக்கும் சார்."

அவர் ஒவ்வொரு திரையாகப் போனார். தலையில் பேன் பார்க்கிற அதே பார்வையோடு வரிவரியாகப் போனார். அரைப்புள்ளிகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. எங்காவது ஒன்று விடுபட்டிருக்காதா என்று அவர் கடவுளை வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். ஒன்றும் விடுபடவில்லை. விடையை வாங்கி வைக்கப் புரோகிராமின் தொடக்கத்தில் அவர் அறிவித்திருந்த பாத்திரமே முழு எண்ணை மட்டும் பிடிக்கிற பாத்திரம். எட்டைக் கேட்டு வாங்கினாலும் அது வாசலிலேயே கொட்டிவிடும். இது அவருக்குத் தெரியாது. மகளுக்கும் அந்தப் பாதி எட்டியிருக்கவில்லை.

வரிசையின் கடைசிக்கு வந்துவிட்டார். இதற்கு மேல் போய்ப் பார்க்கத் திரை இல்லை. பிள்ளைகள் திரும்பி உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அடுத்து என்ன அடிக்க வேண்டும் என்று கேட்கிற நம்பிக்கையோடு. நம்ப வைத்தவர் அவர்தான். ஒப்பிக்க வைத்தே நம்ப வைத்திருந்தார்.

"எனக்குத் தெரியல" என்றார்.

கேட்கவில்லை போலிருக்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார்: "ஏன் வரலன்னு எனக்குத் தெரியல."

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். சிரித்தால் அதட்டலாம், அதட்டுவது தெரிந்த தொழில். யாரும் சிரிக்கவில்லை. அவருக்காக அவர்களே கூசிப்போய், ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். அரைப்புள்ளி விட்டதற்காக அவர் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்திய பையன் ஒருவன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"பரவால்ல சார்" என்றாள் கண்ணாடி.

அந்தச் சொல்லை அவர் அந்த அறையில் யாரிடமும் சொன்னதாக நினைவில்லை. தேடிப் பார்த்தார். இல்லை.

"இருங்க, வர்றேன்" என்று வெளியே நடந்தார்.

புது மிஸ்ஸின் வகுப்பு இரண்டு கதவு தள்ளி. தாழ்வாரத்தில் கால் இரண்டு தடவை நின்றது. ஒரு தடவை, தண்ணீர் குடிக்கப் போகிறவர் போலக் குழாய்ப் பக்கம் திரும்பக்கூடச் செய்தது. உள்ளிருந்து அதே சந்தைச் சத்தம் வந்தது. யாருக்கோ மறுபடியும் ஏதோ முந்நூறு வந்திருக்கிறது.

கதவு திறந்துதான் இருந்தது. மூத்தவர்கள் நேராக உள்ளே போய், பாடம் எடுப்பவரை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டுவார்கள். அவரும் அப்படியே போய்ப் பழகியவர். இப்போது நிலைப்படிக்கு வெளியே, தாமதமாக வந்த பையன்கள் நிற்கிற இடத்தில் நின்றார். சத்தம் ஒவ்வொரு பெஞ்சாக அணைந்தது. எல்லாத் தலையும் வாசலுக்குத் திரும்பியது. பிறகு எல்லாத் தலையும் அவர் மகள் பக்கம் திரும்பியது.

அவள் முகம் சிவந்துவிட்டது. கை மேசையைத் தடவி, பார்க்க ஏதாவது கிடைக்குமா என்று தேடியது. புத்தகம் இருந்தது, பேனா இருந்தது. அவள் எதையும் எடுக்கவில்லை.

"மிஸ்" என்றார் அவர். "அங்க ஒரு கணக்கு வரமாட்டேங்குது. கொஞ்சம் வந்து சொல்லிக்கொடுக்கறீங்களா?"